நம் தோல் ஷாப்புகளின் டாக்டர் – ஒய். நாயுடம்மா



ஆண்டு மலர் என்றால் அதில் ஒரு பெரியவரின் வாழ்க்கை வரலாறு கட்டாயம் இருக்கும். விசுவேசுவரய்யா வந்துவிட்டார், சர் சி.வி. ராமன் வந்துவிட்டார், கலாம் அய்யா போன தடவையும் வந்தார், அடுத்த தடவையும் வருவார். நான் இந்த முறை நமக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிற ஒருவரை எடுத்துக்கொண்டேன். பக்கத்தில் என்றால் ஆம்பூரிலோ பேரணாம்பட்டிலோ பிறந்தவர் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் ஆந்திராக்காரர். ஆனால் வாணியம்பாடியில் இருந்து ராணிப்பேட்டை வரைக்கும் பாலாற்றங்கரையில் ஓடுகிற டிரம்களின் தலையெழுத்தில் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. பெயர் டாக்டர் எலவர்த்தி நாயுடம்மா. பெயரைக் கேட்டு ஒரு பெண்மணி என்று நினைத்த நண்பர்கள் நம் ஹாஸ்டலிலேயே நாலு பேர் இருக்கிறார்கள். அவர் ஆண்தான்!

மேனேஜ்மென்ட் பேப்பரில் நாம் டெமிங் படிக்கிறோம், ஜுரான் படிக்கிறோம், ஐ.எஸ்.ஓ. 9000 என்று பத்து மார்க் கேள்விக்கு மனப்பாடம் பண்ணுகிறோம். எல்லாம் ஜப்பான் கார், அமெரிக்கா கம்பெனி உதாரணம். ஒரு சர்க்கார் ஆபீஸ், ஒரு சர்க்கார் ஆராய்ச்சிக்கூடம், இதற்கெல்லாம் தரம் என்றால் என்ன? அது யாருக்குப் பதில் சொல்ல வேண்டும்? அதற்கு நம் புத்தகத்தில் உதாரணம் இல்லை. நம் மாவட்டத்துத் தோலில் இருக்கிறது.

நாயுடம்மா 1922-ஆம் வருஷம் செப்டம்பர் 10-ஆம் தேதி பிறந்தார். ஊர் குண்டூர் ஜில்லா தெனாலிக்குப் பக்கத்தில் எலவர்ரு என்கிற கிராமம். அப்போது அது நம் சென்னை மாகாணத்தில்தான் இருந்தது. விவசாயக் குடும்பம். படிப்பில் கெட்டி. காசி இந்துப் பல்கலைக்கழகத்துக்குப் போய்த் தொழில் வேதியியல் படித்தார். இந்தப் படிப்புக்கு அந்தக் காலத்தில் சோப்பு, சர்க்கரை, எண்ணெய், மருந்து என்று எத்தனையோ கௌரவமான வழிகள் இருந்தன. அவர் சென்னை வண்ணாரப்பேட்டையில் இருந்த தோல் தொழில் பயிற்சி நிலையத்துக்கு வந்து சேர்ந்தார்.

இதன் கனம் வெளியூர் வாசகர்களுக்குப் புரியாது, நம்மவர்களுக்குப் புரியும். தோலைத் தொடுகிறவன் என்றாலே தெருவுக்கு வெளியே நிறுத்தின தேசம் இது. நம் பகுதியில் முதலாளிமார் பெரும்பாலும் முஸ்லிம் வியாபாரக் குடும்பத்தினர். சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கினவர்கள் பெரும்பாலும் காலனி ஜனங்கள். மேல்சாதிக்காரர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு தாண்டிப் போன தொழில். எங்கப்பாவும் லைம் யார்டில்தான் வேலை செய்கிறார், அதனால் எனக்கு இதைப் புத்தகம் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமில்லை. நிலபுலம் உள்ள வீட்டுப் பையன், காசியில் பட்டம் வாங்கினவன், தானாக வந்து இந்த நாற்றத்துக்குள் உட்கார்ந்தான் என்றால் அது 1940-களில் சாதாரண சமாச்சாரம் அல்ல.

அப்புறம் மேல்படிப்புக்குக் கடல் கடந்தார். இங்கிலாந்தில் பயிற்சி, பிறகு அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் இருக்கிற லீஹை பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம். ஏறக்குறைய அதே நேரத்தில்தான், 1950-இல், டெமிங் ஜப்பானுக்குப் போய் அங்குள்ள கம்பெனிக்காரர்களுக்குத் தரக்கட்டுப்பாட்டு வகுப்பு எடுத்தார். செய்து முடித்த பொருளைக் கடைசியில் பார்த்துக் கழிப்பதில் பயனில்லை, ஒவ்வொரு கட்டத்திலும் வேலையைச் சரிசெய்ய வேண்டும் என்பது அவர் பாடத்தின் சாரம். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், தோல் விஷயத்தில் மறுபடி வரும்.

இதற்குள் இங்கே நாடு சுதந்திரம் அடைந்துவிட்டது. 1948 ஏப்ரல் 24-இல் அன்றைய மத்தியத் தொழில் அமைச்சர் சியாமா பிரசாத் முகர்ஜி சென்னை அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்துக்கு அடிக்கல் நாட்டினார். நாம் சி.எல்.ஆர்.ஐ. என்று சொல்வது இதைத்தான். நாயுடம்மா திரும்பி வந்து அதில் விஞ்ஞானியாகச் சேர்ந்தார். 1958-இல் அதன் டைரக்டர் ஆனார். அப்போது அவருக்கு 36 வயது கூட நிறையவில்லை.

அந்தக் காலத்து நம் ஊர்த் தொழில் எப்படி இருந்தது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். அப்போது நம் பக்கத்தில் முக்கியமாக நடந்தது பட்டைத் தோல். ஆவாரம்பட்டை, பின்னால் வாட்டில் பட்டை, கடுக்காய் இதெல்லாம் போட்டுப் பதனிட்ட தோல். ஈ.ஐ. தோல், அதாவது கிழக்கிந்தியத் தோல் என்று லண்டன் ஏலத்தில் அதற்குப் பேர். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் பூட்சுக்கே இது போனது. (2008-இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.) குரோம் முறையைச் சென்னையில் ஆல்பிரட் சாட்டர்டன் 1900-களின் தொடக்கத்திலேயே கொண்டுவந்துவிட்டார். குரோம்பேட்டை என்கிற ஊர்ப் பெயரே குரோம் லெதர் கம்பெனியால் வந்ததுதான். ஆனாலும் நம் தோல் பெரும்பாலும் அரைகுறையாகப் பதனிட்ட நிலையில் பெரியமேடு ஏஜெண்டு வழியாகக் கப்பல் ஏறிப் போகும். அங்கே வெள்ளைக்காரன் அதற்குச் சாயம் போட்டு, பளபளப்பாக்கி, ஷூவாக்கி விற்பான். லாபத்தின் பெரிய பகுதி அங்கே. நாற்றமும் கைப்புண்ணும் இங்கே.

டைரக்டர் நாற்காலியில் உட்கார்ந்த நாயுடம்மா என்ன செய்தார்? ஆராய்ச்சிக் கட்டுரை எத்தனை என்று எண்ணிக்கொண்டிருக்கவில்லை. அதுவும் நடந்தது, அவரே கொலாஜன் வேதியியலிலும் பதனிடும் ரசாயனத்திலும் பேர் வாங்கினவர். ஆனால் ஒரு ஆராய்ச்சிக்கூடம் உருப்படியாக இருக்கிறதா என்பதை டேனரிக்காரன் அதன் வாசலை மிதிக்கிறானா என்பதை வைத்து அளந்தார். நிலையத்துக்குள்ளேயே ஒரு மாதிரி டேனரி ஓடியது. பீக்கரில் வந்த முடிவை அங்கே டிரம்மில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வெளியே கொடுப்பார்கள். பல்கலைக்கழக மாணவர்களும் அதே வளாகத்தில் தோல் தொழில்நுட்பம் படித்தார்கள். ஆராய்ச்சியாளர், மாணவர், முதலாளி மூவரும் ஒரே காண்டீனில் டீ குடிக்கிற ஏற்பாடு என்று வைத்துக்கொள்ளுங்களேன். வருஷா வருஷம் டேனர்களும் விஞ்ஞானிகளும் கூடிப் பேசுகிற கூட்டம் ஒன்றும் வழக்கமானது. கோட்டு போட்ட விஞ்ஞானியிடம் நம் ஊர் மேஸ்திரி கேள்வி கேட்கலாம் என்கிற நிலைமை ஒரு அரசு நிறுவனத்தில் வந்தது என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. இன்றைக்கும் எத்தனை அரசு நிறுவனத்தில் அது நடக்கும்?

இடையில் ஒரு சின்னச் சங்கதி. கொலாஜன் என்பது தோலின் முதுகெலும்பு மாதிரியான புரதம். அதன் மூன்று இழை முறுக்கு அமைப்பைக் கண்டுபிடித்தவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரன், கூட இருந்தவர் கோபிநாத் கர்த்தா. 1954-55இல் உலகமே திரும்பிப் பார்த்த ஆராய்ச்சி அது. அதற்கு மாதிரி தேடி ராமச்சந்திரன் போனது பக்கத்தில் இருந்த சி.எல்.ஆர்.ஐ.க்கு. அங்குள்ள ஒரு அரங்கத்துக்கே டிரிப்பிள் ஹீலிக்ஸ் என்று பேர் வைத்திருக்கிறார்கள். தோல்தானே என்று ஒதுக்குகிறவர்களுக்கு இதைச் சொல்லிக் காட்டலாம்.

சரி, தரம் என்கிற விஷயத்துக்கு வருகிறேன். நல்ல தோல் எங்கே கெடுகிறது தெரியுமா? ஃபினிஷிங் மெஷினில் அல்ல. ஆடோ மாடோ செத்த இடத்தில், அதை உரிக்கிறவரின் கத்தியில். கத்தி ஒரு நூல் ஆழமாகப் போனால் உள்பக்கம் வெட்டு விழும். அந்த இடத்தில் ஷூ மேல்பாகம் வெட்ட முடியாது. உரித்த தோலுக்கு உடனே உப்புப் போடாவிட்டால் அழுகல் ஆரம்பித்துவிடும், பிறகு உலகத்தில் உள்ள எந்த ரசாயனம் போட்டாலும் அந்தப் புள்ளி போகாது. எங்கப்பா ஈரத்தோலை விரித்த மாத்திரத்தில் விரலைத் தடவிப் பார்த்துச் சொல்லிவிடுவார், இது எந்த செலக்‌ஷனுக்குப் போகும், எது கழிசல் என்று. கடைசியில் தேறுகிற தோல் எவ்வளவு என்று பார்த்தால், ஒரு டன் உப்புத் தோலில் சுமார் 200 கிலோதான். மற்றதெல்லாம் சவ்வு, ரோமம், சீவல், தண்ணீர்.

ஆக, டெமிங் சொன்ன முதல் கட்டம் இங்கே ஒரு கிராமத்து ஏழை மனிதரின் கையில் இருக்கிறது. அவருக்குச் சரியான கத்தி இல்லை, உரிக்க ஒரு மேடை இல்லை, நிழல் இல்லை, தண்ணீர் இல்லை, ஊரில் மரியாதையும் இல்லை. நாயுடம்மா காலத்து சி.எல்.ஆர்.ஐ. இதைத் தன் வேலையாக எடுத்துக்கொண்டது. உரிக்கும் முறை, செத்த கால்நடையின் கொழுப்பு, எலும்பு, இறைச்சி எதையும் வீணாக்காமல் எடுக்கும் முறை, கிராமத்துச் சின்னத் தொட்டியிலேயே பதனிடும் முறை என்று கீழே இறங்கிப் போனார்கள். இதை நான் தர்மகாரியமாகப் பார்க்கவில்லை. உரிப்பவருக்குப் பத்து ரூபாய் கூடுதலாகக் கிடைத்தால்தான் ஏற்றுமதிக்காரருக்கு நூறு ரூபாய் கூடுதலாகக் கிடைக்கும் என்கிற கணக்கு அதில் இருக்கிறது. சமுதாயப் பொறுப்பும் தரமும் இரண்டு தனி சப்ஜெக்ட் என்று நம் சிலபஸ் பிரித்து வைத்திருக்கிறது. தோலில் அது ஒரே சப்ஜெக்ட்.

1971-இல் அவருக்குப் பத்மஸ்ரீ வந்தது. அதே வருஷம் சி.எஸ்.ஐ.ஆர். என்கிற அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றத்துக்கே டைரக்டர் ஜெனரல் ஆகி டெல்லி போனார். நாடு முழுக்க உள்ள தேசிய ஆராய்ச்சிக்கூடங்கள் எல்லாம் அதன் கீழ். தோலில் பழகின பழக்கத்தை அங்கேயும் கொண்டு போனார். ஆந்திராவில் கரீம்நகர் ஜில்லாவை (இப்போது தெலங்கானா) எடுத்துக்கொண்டு, அந்த ஜில்லாவில் என்ன விளைகிறது, என்ன கைத்தொழில் இருக்கிறது, ஜனங்களுக்கு என்ன தேவை என்று பார்த்து, அதற்கு ஏற்றபடி ஆராய்ச்சிக்கூடங்கள் உதவ வேண்டும் என்று ஒரு திட்டம் போட்டார்கள். விஞ்ஞானியை ஏர்கண்டிஷன் அறையில் இருந்து கிளப்பி மாட்டுவண்டிப் பாதைக்குக் கூட்டிக்கொண்டு வந்த திட்டம். நினைத்ததெல்லாம் நடந்ததா என்றால், நடக்கவில்லை. ஆராய்ச்சிக்கூடம் ஒரு வேகத்தில் போகும், தாலுகா ஆபீஸ் இன்னொரு வேகத்தில் போகும். இருந்தாலும் ஜனங்களின் தேவையில் இருந்து ஆராய்ச்சியைத் தொடங்குவது என்கிற முறையை அவ்வளவு பெரிய அரசு அமைப்பில் போட்டுப் பார்த்தது பெரிய காரியம்தான்.

நம் பகுதியைப் புரட்டிப்போட்ட முடிவும் இந்தக் காலத்தில்தான் வந்தது. 1972-இல் சீதாராமையா கமிட்டி அறிக்கை கொடுத்தது. அதை ஒட்டி 1973-இல் மத்திய சர்க்கார் பச்சைத் தோல் ஏற்றுமதியை நிறுத்தியது, அரைகுறையாகப் பதனிட்ட தோலுக்கு அளவு கட்டியது. முழுக்கத் தயாரான தோலாகவும் செருப்பு, ஷூவாகவும்தான் இனி நம் சரக்கு வெளியே போக வேண்டும் என்பது கொள்கை. நாயுடம்மா வருஷக்கணக்காக வாதாடி வந்த வழி இதுதான். அதைச் சமாளிக்கிற தொழில்நுட்பம் கையில் இருந்ததற்குக் காரணமும் சி.எல்.ஆர்.ஐ.யும் அங்கே படித்து வந்த ஆட்களும்தான்.

பலன் நம் கண்முன்னால் இருக்கிறது. ஆம்பூரில் காலை ஷிப்டு நேரத்தில் ஷூ கம்பெனி பஸ்களைப் பாருங்கள். குடியாத்தம் பக்கம், மாதனூர் பக்கம் என்று நாலாபக்கக் கிராமத்தில் இருந்தும் பெண்கள் டிபன் பாக்ஸோடு வந்து இறங்குகிறார்கள். என் கிளாஸில் எத்தனை பேருடைய ஃபீஸ் அந்தத் தையல் மெஷினில் இருந்து வருகிறது என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் ஒரு பக்கம் மட்டும் சொன்னால் அது மேடைப்பேச்சு ஆகிவிடும். மெஷின் வாங்கப் பணம் இல்லாத சின்னச் சின்னப் பட்டைத் தோல் ஷாப்புகள் அந்தக் கொள்கையில் அடிபட்டன. சிலர் மூடினார்கள், சிலர் பெரிய ஷாப்புக்குக் கூலி வேலை செய்து கொடுக்கும் நிலைக்கு வந்தார்கள்.

1977-இல் அவர் டெல்லிப் பதவியை விட்டார். மறுபடி சென்னைக்கே, தோலுக்கே திரும்பினார். 1981-82இல் டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தார். 1985 ஜூன் 23. கனடாவில் இருந்து லண்டன் வழியாக டெல்லிக்கு வரவேண்டிய ஏர் இந்தியா கனிஷ்கா விமானம் அயர்லாந்துக் கடல் பக்கம் வெடிகுண்டால் சிதறியது. 329 பேர். அதில் நாயுடம்மாவும் ஒருவர். வயது 62.

அவர் போன பிறகுதான் பாலாற்றுக் கணக்கு வெளியே வந்தது. குரோம் முறையில் டிரம்மில் போடுகிற குரோமியம் உப்பு முழுவதையும் தோல் குடிக்காது. பழைய முறையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடத் தண்ணீரோடு வெளியே போய்விடும். அதோடு தோலைக் கெடாமல் வைக்கப் போட்ட அத்தனை உப்பும் முதல் ஊறலிலேயே கரைந்து வரும். குரோமியத்தையாவது ஓரளவு பிடித்து மறுபடி உபயோகிக்கலாம், கரைந்த உப்பைப் பிடிப்பது அதைவிடக் கஷ்டம். வேலூர் குடிமக்கள் நல அமைப்பு 1991-இல் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. 1996 ஆகஸ்டு 28-இல் நீதிபதி குல்தீப் சிங் அடங்கிய பெஞ்சு தீர்ப்புச் சொன்னது. ஒரு கிலோ தோலுக்கு 35 லிட்டர் தண்ணீர், சுமார் 170 வகை ரசாயனம், ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் நிலம் விவசாயத்துக்கு முழுதாகவோ பாதியாகவோ லாயக்கற்றுப் போனது என்றெல்லாம் அதில் பதிவாகி இருக்கிறது. கெடுத்தவனே செலவை ஏற்க வேண்டும் என்கிற கோட்பாடு இந்திய வக்கீல்கள் எல்லோருக்கும் நம் ஊர்ப் பேரோடு சேர்ந்துதான் பாடமாகிறது. அதுவும் ஒரு புகழ்தான், என்ன செய்வது!

இதைக் கொண்டுபோய் நாயுடம்மா தலையில் கட்டலாமா? சிலர் கட்டுகிறார்கள். தோலை இங்கேயே முழுக்கத் தயாரிக்கச் சொன்னதால்தானே கழிவும் இங்கேயே தங்கியது என்று எங்கள் தெருவிலேயே ஒரு விவசாயப் பெரியவர் வாதம் செய்வார். அவர் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியாது, அதனால் அவர் வாதத்தைச் சிரித்துத் தள்ள நான் தயாராக இல்லை. என் கருத்து வேறு. எந்தக் கட்டத்தையும் விட்டுவிடாமல் முதலில் இருந்து கடைசி வரை பார்க்க வேண்டும் என்பதை உரிக்கிறவர் பக்கம் செய்து காட்டினார். மறுமுனையில் வாய்க்காலில் என்ன ஓடுகிறது என்பதை அதே கண்ணோடு பார்க்க வேண்டிய பொறுப்பு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் இருந்தது, ஆராய்ச்சிக்கூடத்துக்கும் இருந்தது, லாபம் எடுத்தவர்களுக்கும் இருந்தது. ஏற்றுமதி எத்தனை கோடி என்பது மாதாமாதம் கணக்கெடுக்கப்பட்டது. கிணறு எத்தனை கெட்டது என்பதைக் கணக்கெடுக்கக் கோர்ட்டு வர வேண்டியிருந்தது.

வெளிநாட்டுக்காரன் விஷயத்தில் நாம் எவ்வளவு வேகம் பாருங்கள். 1989-இல் ஜெர்மனி தோலில் பென்டாகுளோரோபீனால் இருக்கக் கூடாது என்றது. 1994-இல் சில அசோ சாயங்களைத் தடுத்தது. சி.எல்.ஆர்.ஐ. சோதனைக்கூடம் மாற்று வழி சொன்னது, நம் கம்பெனிகள் மாறிக்கொண்டன. ஜெர்மன்காரர் காலுக்கு அரிப்பு வரக் கூடாது என்று மாறத் தெரிந்த தொழில், சொந்த ஊர்க் கிணற்றுக்காக மாறக் கோர்ட்டு, அபராதம், மூடல் உத்தரவு எல்லாம் தேவைப்பட்டது. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தது நல்லதுதான். ஆனால் 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டையில் அப்படிப்பட்ட ஒரு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்து ஷாப்பில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளிகள் சேற்றுக்குள் செத்துப்போனார்கள். சிவில் பிரிவு நண்பர்கள் அந்தச் சம்பவத்தைத் தங்கள் பாடமாகப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். 2025 ஜனவரி 30-இல் சுப்ரீம் கோர்ட்டு மறுபடி பாலாற்றுப் பிரச்சினையை எடுத்து, பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு, ஆற்றைச் சரிசெய்யத் திட்டம், கண்காணிக்கக் கமிட்டி என்று உத்தரவு போட்டிருக்கிறது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் நடுவில் 28 வருஷம். நான் பிறப்பதற்கு ரொம்ப முன்னால் தொடங்கின கேஸ்.

இதற்கிடையில் சி.எல்.ஆர்.ஐ. சும்மா இருக்கவில்லை. தண்ணீரே விடாமல் குரோம் பதனிடும் முறை ஒன்றை உருவாக்கிப் பல டேனரிகளுக்குக் கொடுத்திருக்கிறது. உப்பைக் குறைத்துத் தோலைக் காக்கும் முறைகளிலும் வேலை நடக்கிறது. இவையெல்லாம் நம் ஷாப்புகளின் டிரம் வரைக்கும் வந்து சேர ஆட்கள் வேண்டும். மெக்கானிக்கல், கெமிக்கல், சிவில், எலக்ட்ரிக்கல் என்று எல்லாப் பிரிவுக்கும் அதில் வேலை இருக்கிறது. டோசிங் பம்பு ஓடுகிறதா, மீட்டர் சரியாகக் காட்டுகிறதா, ராத்திரி ஷிப்டில் வால்வைத் திறந்துவிடுகிறார்களா என்று பார்க்கிறவர் கடைசியில் ஒரு டிப்ளமோக்காரராகத்தான் இருப்பார்.

ப்ராஜெக்டுக்குத் தலைப்புத் தேடி அலைகிற ஜூனியர்களுக்கு ஒரு தகவல். செப்டம்பர் 26 சி.எஸ்.ஐ.ஆர். நிறுவன நாள். அதை ஒட்டி அதன் ஆராய்ச்சிக்கூடங்களைப் பொதுமக்களும் மாணவர்களும் உள்ளே போய்ப் பார்க்க விடுவார்கள், அடையாறு சி.எல்.ஆர்.ஐ.யும் அதில் உண்டு. தேதியை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் ஏலகிரி எக்ஸ்பிரஸைப் பிடித்தால் காலை டிபனுக்கே சென்னை போய்விடலாம். நானும் என் பெஞ்சு நண்பர்கள் மூவரும் வருகிற செப்டம்பரில் போவதாக இருக்கிறோம், கூட வர விரும்புகிறவர்கள் யூனியன் அறையில் பெயர் கொடுக்கலாம்.